பழைய சாமான் கடையில் வாங்கிய நாலு மெடல்: உரியவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி கேட்டவர்: முகப்புத் திண்ணை

வணக்கம். பட்டாளத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவன். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றனவே, அங்கே வாரம் ஒரு நடை போய் வராவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பெரும்பாலும் வாங்க மாட்டேன், பார்ப்பதோடு சரி. எனாமல் தூக்கு, பர்மா தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, சாமி படம். ஒரு வீடு இடிபட்டால் அதில் வாழ்ந்த மூன்று தலைமுறையும் அந்தத் தெருவுக்கு வந்துவிடும்.

போன மாதம் ஒரு கடையில், பூட்டைத் தொலைத்த சாவிகளைப் போட்டு வைத்திருந்த எவர்சில்வர் டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தேன். அடியில் நாலு மெடல்கள் கிடைத்தன. துணி ரிப்பனோடு ஒரே பட்டையில் வரிசையாகத் தைத்து, பின்னால் ஊக்கு வைத்தது. மூன்று வட்டம், ஒன்று ஐந்து முனை நட்சத்திரம். கடைக்காரர் 2,500 சொன்னார். நான் பேரம் பேசவே இல்லை. சும்மா கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவராகவே லென்ஸை எடுத்து, ஒரு மெடலின் விளிம்பைத் திருப்பிப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“அட, குக்குன்னு போட்டிருக்கு. சமையக்காரன் மெடலுண்ணே இது. சண்டை போட்டவன் மெடலுன்னா மெட்ராஸ்காரங்க அஞ்சாயிரம்னாலும் தூக்கிட்டுப் போவாங்க. நீங்க ஆயிரத்து எரநூறு குடுங்க.”

கேட்காமலே விலை பாதியாகக் குறைந்தது. கொடுத்துவிட்டு வந்தேன். ஏன் வாங்கினீர்கள் என்று வீட்டில் கேட்டாள். விலையைக் குறைத்த விதம் பிடிக்கவில்லை, அதனால் வாங்கினேன் என்றேன். “பிடிக்கலைன்னா வாங்காம வருவாங்க. கோவிச்சுக்கிட்டு வாங்கிட்டு வர்ற ஆளு நீங்க ஒருத்தர்தான்” என்றாள். சரிதான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. குத்துவிளக்கு விளக்கும்போது ஒரு மெடலையும் சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். நல்ல எண்ணம்தான். பளபளவென்று ஆகிவிட்டது, ஆனால் விளிம்பில் இருந்த எழுத்து பாதி போன மாதிரி இருக்கிறது. மற்ற வட்டங்களில் படிக்க முடிகிறது. ஒரு நீளமான எண், அடுத்து ஆங்கிலத்தில் ‘குக்’, ஒரு பெயர், கடைசியில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்பதன் சுருக்கம். பெயரை இங்கே போடவில்லை. உயிரோடு இருப்பவராகவும் இருக்கலாம், யார் வீட்டிலிருந்து வந்தது என்று நாலு பேர் பேச நாம் காரணமாகக் கூடாது. எண்ணின் கடைசி மூன்று இலக்கம் மட்டும் சொல்கிறேன்: 417.

இது எந்தக் காலத்து மெடல்? சமையல்காரருக்கு எதற்காகக் கொடுத்தார்கள்? அவரையோ வீட்டாரையோ தேட வழி இருக்கிறதா? கடைக்காரரிடம் கேட்டேன். இரும்பு, பித்தளை எடைக்கு எடுக்கிற ஒருவரிடம் மொத்தமாக வாங்கியது, ஊர் தெரியாது என்றார். போட்டோ இணைத்திருக்கிறேன்.


பதில்: 79 பேட்ச்

ஐயா, முதலில் புளியை நிறுத்தச் சொல்லுங்கள். பிராஸ்ஸோவும் கூடாது. விளிம்பில் இருப்பது மெல்லிய எழுத்து, தேய்க்கத் தேய்க்க ஆளே அழிந்துபோவார். இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், போனது என்று நினைத்த எழுத்தும் கொஞ்சம் தெரியும்.

நான் மெட்ராஸ் ரெஜிமெண்டில் 17 வருஷம் இருந்தவன், 79-ல் சேர்ந்தேன், ஹவில்தாராக வெளியே வந்தேன். சொந்த ஊர் சிங்கம்புணரிப் பக்கம். ரிப்பனைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. வட்டத்தில் ஒன்று 1965 ரக்ஷா மெடல், ஒன்று 1971 சங்கிராம் மெடல், இன்னொன்று சுதந்திரத்தின் 25-வது ஆண்டுக்காக 1972-ல் பணியில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது. இந்த மூன்றும் அந்தந்தக் காலத்தில் படையில் இருந்த பெரும்பாலோர் நெஞ்சில் இருக்கும். அவற்றை வைத்து ஆள் எங்கே இருந்தார் என்று சொல்ல முடியாது.

நட்சத்திரத்தைப் பாருங்கள். அது சமர் சேவா ஸ்டார், 1965. போர் நடந்த பகுதியில் தன் படைப்பிரிவோடு இருந்தவருக்குத்தான் அது. அதாவது உங்கள் சமையல்காரர் 65-ல் குண்டு விழும் தூரத்தில் இருந்திருக்கிறார். 71-க்கு இதுபோல பூர்வி ஸ்டார், பச்சிமி ஸ்டார் என்று கிழக்குக்கு ஒன்று, மேற்குக்கு ஒன்று உண்டு. இவர் பட்டையில் இரண்டும் இல்லை. அப்போது போர்முனைக்கு வெளியே எங்காவது இருந்திருப்பார்.

கடைக்காரர் கையில் இருந்த லென்ஸ் நல்ல லென்ஸ்தான், நட்சத்திரத்தைப் பார்க்கத்தான் அவருக்குத் தெரியவில்லை.

1965 செப்டம்பரில் பாகிஸ்தானோடு நடந்த போரில், சியால்கோட் பகுதியில் மகாராஜ்கேயைப் பிடித்தது எங்கள் 4 மெட்ராஸ். ரெஜிமெண்டின் போர்க் கௌரவங்களில் அந்த ஊர்ப் பெயர் இன்றும் இருக்கிறது. இவர் அதே பட்டாலியனா, வேறா என்பது விளிம்பை வைத்துத் தெரியாது. எதுவானாலும் வேலை ஒன்றுதான். நாங்கள் சேர்ந்தபோது 65 பார்த்த சீனியர்கள் இருந்தார்கள், அவர்கள் சொன்னதைச் சொல்கிறேன். லங்கர் என்பது பட்டாளத்துச் சமையல் கூடம். அது பின்னால் ஒரு தோப்பிலோ ஓடைப் பள்ளத்திலோ இருக்கும். பகலில் புகை தெரிந்தால் எதிரி பீரங்கிக்கு அடையாளம் காட்டியது போல ஆகும். அதனால் இருட்டில் மூட்டி, விடியுமுன் அணைத்துவிடுவார்கள். சமைத்ததை இருட்டிலேயே முன்னால் இருக்கும் பதுங்குகுழிக்குச் சுமந்து போக வேண்டும். போக முடியாத நாளுக்குப் பூரியும் சக்கர்பாராவும். மைதாவும் சர்க்கரையும் சேர்த்துப் பொரித்த துண்டு, பையில் போட்டால் நாள்கணக்கில் கெடாது. பசியில் கிடக்கிறவனுக்கு அதுதான் தெய்வம்.

அந்தக் காலத்தில் குக், பார்பர், துணி வெளுப்பவர் எல்லாரும் ‘என்சிஇ’. சண்டை போடாத, ஆனால் பெயர் பதிந்த ஆள் என்று அர்த்தம். ராணுவச் சட்டம் அவர்களுக்கும் அதேதான், குண்டும் அதேதான். இலங்கையில் அமைதிப்படையாக நாங்கள் இருந்தபோது (87 முதல் 90 வரை, திரும்பி வந்தபோது வரவேற்பு எப்படி இருந்தது என்று அன்றைய பேப்பர் படித்தவர்களுக்குத் தெரியும், அதை விடுங்கள்) ஒரு நாள் ரேஷன் வண்டி வரவில்லை. எங்கள் குக் தேங்காயும் மரவள்ளியும் வைத்தே 80 பேரை ஒரு நாள் ஓட்டினார். அவருக்கு எந்த ஊரில் வரவேற்பு வளைவு வைத்தார்கள்?

வழி சொல்கிறேன். மெட்ராஸ் ரெஜிமெண்டின் ரெக்கார்ட் ஆபீஸ் நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. முழு எண், பெயர், மெடல் விவரம் போட்டுப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். முகவரி கேட்காதீர்கள், ஊர்பேர் தெரியாதவருக்குத் தர மாட்டார்கள், தரவும் கூடாது. “என்னிடம் இருக்கிறது, வீட்டாரிடம் சேர்க்க உதவுங்கள்” என்று எழுதுங்கள். சிவகங்கையில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் ஒரு நகல் போடுங்கள். பென்ஷன் வாங்கியவராக இருந்தால் ஏதாவது ஒரு பதிவேட்டில் இருப்பார்.


பதில்: நேராகச் சொல்பவன்

எல்லாரும் உணர்ச்சிவசப்படுகிறீர்கள். சமைத்தார், சம்பளம் வாங்கினார், பென்ஷன் வாங்கினார். கார்கிலில் உயிர் விட்டவர்களும் கல்வானில் செத்த நம்ம ராமநாதபுரத்துக்காரரும் வீரர்கள். குக்கை எல்லாம் வீரர் என்றால் அந்தச் சொல்லுக்கு என்ன மரியாதை? வீட்டாரே எடைக்குப் போட்டதை நீங்கள் ஏன் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்?


பதில்: திருப்பத்தூர் தமிழய்யா

நேராகச் சொல்பவருக்கு ஒரு செய்தி. திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் பக்கம் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று கிடைத்தது. வீரனோடு ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். எசமான் விழுந்த பிறகும் கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதாம். அதைக் கல்வெட்டிலேயே எழுதிவைத்தார்கள். ஏறத்தாழ 1,400 வருஷம் ஆகிறது, நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. நடுகல்லுக்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை என்று படி வகுத்த இலக்கணம் நம்முடையது. ‘வாள் பிடித்தவனுக்கு மட்டும்’ என்று அந்தக் கல்லை வெட்டியவர்கள் நினைக்கவில்லை.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1801 அக்டோபர் 24, மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். சிலை இருக்கிறது, மாலை போடுகிறோம், நல்லது. அவர்களோடு தொங்கியவர்கள் ஏறத்தாழ 500 பேர் என்கிறார்கள். வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் கேட்பேன், ஐந்து பேர் பெயர் சொல்லுங்கள் என்று. பிள்ளைகள் பெரிய மருது, சின்ன மருது என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிடுவார்கள். எனக்கும் அதற்கு மேல் அதிகம் ஓடாது, அதுதான் வெட்கம். அந்தக் கூட்டத்தில் சோறாக்கியவன் இருந்திருக்க மாட்டானா?


பதில்: தேவகோட்டை ஆச்சி

தம்பி, நான் இந்தப் பக்கம் பலகாரக் குறிப்பு படிக்கத்தான் வருவேன். என் பேத்தி இதை வாசித்துக் காட்டினாள். சக்கர்பாரா என்று வந்ததும் திரும்ப வாசிக்கச் சொன்னேன்.

91-ல் என் மகள் கல்யாணம். எங்கள் வீட்டில் மூன்று நாள் சமையலுக்கு ஒரு கூட்டத்தைப் பிடித்தோம். தலைமை மாஸ்டரை எல்லாரும் ‘மிலிட்டரி’ என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது, நாங்களும் கேட்கவில்லை. கரண்டி பிடிக்கிறவரின் பேரைக் கேட்டு வைக்கிற வழக்கம் எங்களுக்கு எங்கே இருந்தது? மிலிட்டரி ஓட்டலில் வேலை பார்த்தவர் போல என்று நினைத்துக்கொண்டோம்.

கல்யாணத்துக்கு முந்திய நாள் பிள்ளைகளுக்குக் கலகலா போட்டுக் கொடுத்தார். நம்ம வீட்டுக் கலகலா மாதிரிச் சின்னதாக இல்லை, தடித்தடியாகச் சாய்சதுரம். “சக்கர்பாரா சாப்புடுங்க, சக்கர்பாரா” என்று டவுசர் பையில் எல்லாம் திணித்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் என்னடா புதுப் பலகாரம் என்றார்கள்.

அப்புறம் விறகு. இரண்டாங்கட்டுக்குப் பின்னால் கோட்டையடுப்பு வெட்டியிருந்தது. காய்ந்த சவுக்கு மட்டும்தான் வைப்பார். ஒரு பச்சை விறகு கலந்தால் எடுத்துத் தூர வீசிவிடுவார். புகையே வரக் கூடாது. ராத்திரி மூன்று மணிக்கு அவ்வளவு பெரிய அடுப்பு எரியும், மாடியில் படுத்தவருக்குத் தெரியாது. பிடிவாதக்காரர் என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். இப்போது அந்த ஹவில்தார் தம்பி எழுதியதைக் கேட்ட பிறகு எனக்கு என்னவோ போல் இருக்கிறது.

இன்னொன்று. பந்தி போட்டதும் கரித்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, இலையை எண்ணுவார். ஒவ்வொரு பந்திக்கும். பரிமாறுகிறவனிடம் கேட்டால் சொல்லிவிட்டுப் போகிறான். கேட்க மாட்டார், அவரே வந்து எண்ணிவிட்டுத்தான் உள்ளே போவார்.

அவர் விட்டுப்போன பித்தளைக் கரண்டி ஒன்று எங்களிடம் இருக்கிறது. நாங்கள் பாத்திரத்தில் இனிஷியல் வெட்டுவோம் இல்லையா, அது மாதிரி அதன் காம்பில் எழுத்தே இல்லாமல் எண் மட்டும் வெட்டியிருக்கும். யாரோ கடைக்காரர் கணக்கு என்று நினைத்திருந்தேன். பேத்தியைப் பரணில் ஏறச் சொல்லியிருக்கிறேன்.


முகப்புத் திண்ணை

ஆச்சி, எண் முழுவதையும் இங்கே போடாதீர்கள். கடைசி மூன்று மட்டும் சொல்லுங்கள். வெலிங்டனுக்கு எழுதிய கவரில் தபால்தலை ஒட்டி மேசையில் வைத்திருக்கிறேன், இன்னும் பெட்டியில் போடவில்லை.


தேவகோட்டை ஆச்சி

நாலு, ஒன்று, ஏழு. அன்றைக்கு அவரைக் கூட்டி வந்தவர் மகன் இப்போதும் சமையல் ஒப்பந்தம்தான் எடுக்கிறார். அவரிடம் ஊரைக் கேட்டு உங்களுக்குத் தனியாக அனுப்பச் சொல்கிறேன். போனால் அந்தக் கரண்டியையும் எடுத்துப்போங்கள். 30 வருஷத்துக்கு மேல் அடுத்தவர் கரண்டியை வைத்திருந்திருக்கிறோம்.


முகப்புத் திண்ணை

போய்விட்டு வந்தேன். எழுத ஒரு வாரம் தள்ளிப்போட்டேன்.

புதுவயலைத் தாண்டி ஓர் ஊர். ஓட்டு வீடு, முன்னால் வேப்பமரம். அவர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. மனைவி இருக்கிறார், எழுபத்தைந்து இருக்கும். மகன் திருப்பூரில். போகிற வழியெல்லாம் எனக்கு ஒரே பயம், மெடல் எப்படிக் கடைக்குப் போனது என்ற பேச்சு வந்து யாராவது தலைகுனிய நேருமோ என்று. அதற்காக ஒரு பொய்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன், பஸ்ஸில் கிடைத்தது என்று.

பட்டையை எடுத்துக் கையில் கொடுத்தேன். அந்த அம்மாள் உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பது போல ஒரு அசை அசைத்தார்.

“இதை வித்தது நான்தான்” என்றார். “ஓடு மாத்தணும்னு அவுக டிரங்குப்பெட்டியோட எடைக்குப் போட்டேன். அண்டாவ மட்டும் குடுக்கல. அண்டா இன்னும் வாடகைக்குப் போகுது. மெடலு எங்க போகும்?”

அண்டா வேப்பமரத்தடியில் கவிழ்த்துக் கிடந்தது. கழுத்தில் முழு எண்ணும் வெட்டியிருந்தது. மெடலின் விளிம்பைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்தேன். பழைய கேஷியர் புத்தி, இரண்டு தடவை சரிபார்த்தேன். பெயர் ஏன் வெட்டவில்லை என்று கேட்டேன். “பேரு ஊருல நாலு பேருக்கு இருக்கும், நம்பரு எனக்கு மட்டுந்தான்னு சொல்லுவாக” என்றார்.

சண்டையைப் பற்றி ஏதாவது சொல்வாரா என்றேன். பேசவே மாட்டாராம். ஒன்றே ஒன்று, அதுவும் மகன் பிறந்த வருஷம் காய்ச்சலில் படுத்திருந்தபோது சொன்னது. நாற்பது பேருக்கு ரொட்டியும் பருப்பும் வாளியில் எடுத்துக்கொண்டு இருட்டில் போனார்களாம். கொடுத்துவிட்டுத் திரும்பும்போது வாளியில் பாதி அப்படியே இருந்ததாம். “மிச்சத்தத் திருப்பித் தூக்கிட்டு வந்தேன்டின்னு அழுதாக. எனக்கு வெளங்கல. சோறு மிஞ்சினா அழுவாகளான்னு நெனச்சேன்.”

ஆச்சி சொன்ன இலை எண்ணும் விஷயத்தை நான் அங்கே சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

கரண்டியைக் கண்டதும்தான் அந்த அம்மாளுக்கு முகம் மலர்ந்தது. அதைக் காணாமல் அவர் எத்தனை வருஷம் புலம்பினார் என்று ஒரு கதையே சொன்னார். ஆச்சி, உங்கள் வீட்டுக்கு நல்ல திட்டு விழுந்திருக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள்.

நட்சத்திரம் என்ன என்று ஹவில்தார் ஐயா எழுதியதை வாசித்துக் காட்டினேன். விடுமுறைக்கு வந்திருந்த பேரன் எட்டாம் வகுப்பு, அவன்தான் அதிகம் கேட்டான். தாத்தா ஓட்டலில் வேலை பார்த்தவர் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லி வந்திருக்கிறான். இப்போது பட்டை தாத்தா படத்துக்குக் கீழே ஆணியில் தொங்குகிறது. புளி போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.


79 பேட்ச்

ஐயா, ஒரு வேலை பாக்கி. அந்த அம்மாவுக்குக் குடும்பப் பென்ஷன் வருகிறதா? ஆயுள் சான்று வருஷா வருஷம் போடுகிறார்களா? கேட்டுச் சொல்லுங்கள். வராவிட்டால் டிஸ்சார்ஜ் புக்கைத் தேடச் சொல்லுங்கள், நானே வருகிறேன். டிரங்குப்பெட்டியோடு அதுவும் போயிருந்தால் வெலிங்டனுக்கு எழுதிய கவர் வீண் போகாது.


முகப்புத் திண்ணை

வருகிறது ஐயா, வங்கிப் புத்தகத்தை வாங்கி நானே பார்த்தேன். வந்ததும் மகன் கைக்குப் போகிறது, அது அவர்கள் வீட்டுக் கணக்கு. டிஸ்சார்ஜ் புக் அரிசிப் பானைக்குள் இருக்கிறதாம்.

கிளம்பும்போது மெடலை எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று கேட்டார். சொன்னேன். எடைக்குப் போட்டபோது பெட்டியோடு சேர்த்து அவருக்குக் கிடைத்தது முந்நூறோ என்னவோ. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். உள்ளே போய்ப் பணம் எடுத்துவந்தார், நான் வாங்கவில்லை. மறுபடி உள்ளே போய் ஒரு பழைய டப்பாவை நீட்டினார். தடித்தடியாகச் சாய்சதுரமாகப் போட்ட கலகலா, வீட்டில் போட்டதுதான்.

“டப்பாவத் திருப்பிக் குடுத்துருங்க” என்றார். பஸ்ஸில் உட்கார்ந்து மூடியைத் திருப்பினேன், அதிலும் அந்த எண் வெட்டியிருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.